மேசைக்கு எதிர்ப்பக்கம்

மைனாக்களுக்கு விசில் என்றால் பயமே இல்லை.

செம்மொழி இரண்டு முறை ஊதிப் பார்த்தாள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நெல் பொறுக்கிக்கொண்டிருந்த மைனாக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு மறுபடியும் குனிந்துகொண்டன.

"அதுங்களுக்கு ஒரு ஃபவுல் குடு" என்றான் ஃபாஜில்.

பூதலூரில் அது அறுவடைக் காலம். பொங்கல் விடுமுறையில் பக்கத்து வயல்காரர்கள் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். வெயில் விழும் சிமென்ட் தளம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? மூட்டை கட்டி எடுத்துப் போன பிறகும் அங்கங்கே நெல்மணிகள் மிச்சம் இருந்தன. ஷூவுக்கு அடியில் நெல்மணி உருண்டால் ஓடுகிறவர் வழுக்கி விழுவார். அதனால் அன்றைய ஆட்டத்துக்கு நடுவர்களான இருவரும் முதலில் துடைப்பம் எடுத்தார்கள். மைனாக்கள் கோபித்துக்கொண்டு மதில்மேல் போய் உட்கார்ந்தன.

அடுத்தது பந்துச் சோதனை. செம்மொழி பந்தைத் தலைக்கு மேலே பிடித்து, தள்ளாமல், சும்மா கையை மட்டும் விட்டாள். பந்து தரையில் பட்டு அவளுடைய மார்பளவு எழும்ப வேண்டும். இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் காற்று போதவில்லை. மூக்கை இடிக்க வந்தால் காற்று அதிகம்.

பந்து சரியாக மார்பு வரை வந்தது.

"நல்லாருக்கு" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு ஃபாஜில் தன் இடத்துக்குப் போனான். இருவரும் ஏழாம் வகுப்பு 'இ' பிரிவுதான். ஆனால் இன்றுதான் முதல்முறையாக இவ்வளவு பேசியிருக்கிறார்கள்.

செம்மொழி ஜூன் மாதம்தான் வேதாரண்யத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தாள். அம்மா கனகா கிராம செவிலியர். வேலை பூதலூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. கடலுக்குப் போகும் அப்பாவால் கடலை விட்டு வர முடியுமா? அவர் அங்கேயே இருந்துவிட்டார். வகுப்பில் எல்லாருக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூட்டாளிகள் இருந்தார்கள். செம்மொழிக்கு இருந்தது ஒரே ஒரு தோழி, 'அ' பிரிவு தமிழ்நிலா. பக்கத்துத் தெரு. தினமும் இருவரும் வாய்க்கால் கரை வழியாகச் சேர்ந்து பள்ளிக்கு வருவார்கள், சேர்ந்து திரும்புவார்கள். மற்ற நேரமெல்லாம் செம்மொழி தனிதான்.

'அ' பிரிவுக்கும் 'ஆ' பிரிவுக்கும் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம் என்று முடிவானதும், விளையாட்டு ஆசிரியர் துரைராசு, "இ பிரிவிலேர்ந்து ரெண்டு நடுவர் வேணும். யார் வர்றீங்க?" என்று கேட்டார். செம்மொழி உடனே கை தூக்கினாள். கழுத்தில் விசில் தொங்கினால் எல்லாரும் வந்து பேசுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

நடந்தது நேர்மாறு.

"ஆட்டத்துக்கு முன்னாடி, வார்ம்-அப் நேரத்துல நடுவர் எங்க நிக்கணும் தெரியுமா?" என்று துரைராசு சார் கேட்டிருந்தார். "மேசைக்கு எதிர்ப்பக்கம். புள்ளி எழுதறவங்க, பார்க்க வந்தவங்க எல்லாம் மேசைப் பக்கம் இருப்பாங்க. எதிர்ப்பக்கத்துல கூட்டம் கிடையாது. அங்கேர்ந்து பார்த்தா ரெண்டு கூடையும் தெரியும், ரெண்டு அணியும் தெரியும்."

"அங்க நின்னு என்ன சார் செய்யணும்?"

"பார்க்கணும். அவ்வளவுதான். யார் கையில வளையல் இருக்கு, யார் ஷூ கயிறு அவிழ்ந்திருக்குன்னு பார்க்கணும். அரட்டை கூடாது. ஒரு அணிகிட்ட நீ சிரிச்சா, என்ன சொல்லிச் சிரிச்சான்னு இன்னொரு அணி யோசிக்கும். பேசியே ஆகணும்னா ரெண்டு கேப்டனையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பேசு."

எனவே செம்மொழி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் மதில். மதில்மேல் மைனாக்கள். எதிரே மேசையைச் சுற்றி ஒரே சத்தமும் சிரிப்பும். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபாஜில் மரம் போல விறைப்பாக நின்றான்.

"நிலா உன் ஃப்ரெண்டுதானே? அவங்க அணியை நான் பார்த்துக்கறேன். நீ 'ஆ' பிரிவைப் பாரு" என்று அவன்தான் பிரித்துக் கொடுத்திருந்தான்.

இரண்டு அணிகளும் பந்தோடு ஓடத் தொடங்கின. மஞ்சள் சட்டை 'அ' பிரிவு, பச்சைச் சட்டை 'ஆ' பிரிவு. வார்ம்-அப்பில் ஓர் அணி இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். வலது வரிசையில் இருப்பவர் ஓடி வந்து கூடையில் எறிவார். இடது வரிசையில் இருப்பவர் அந்தப் பந்தைப் பிடித்து அடுத்தவருக்குத் தருவார். பிறகு எறிந்தவர் இடது வரிசைக்கும், பிடித்தவர் வலது வரிசைக்கும் போவார்கள். கடிகாரத்துக்குள் இருக்கும் பற்சக்கரம் போல அது சுற்றிக்கொண்டே இருக்கும். சும்மா பார்த்துக்கொண்டிருக்கவே நன்றாக இருக்கும்.

பச்சை அணியின் கேப்டன் தர்ஷினி ஓடி வந்து எறிந்தாள். அவள் முதுகில் எண் ஐந்து. பந்து வலைக்குள் விழுந்தது. இன்னொரு பெண் அதைப் பிடித்தாள்.

அவள் முதுகிலும் எண் ஐந்து.

செம்மொழி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஆமாம், ஐந்து எறிந்த பந்தை ஐந்தே பிடித்திருந்தது! இரண்டாவது ஐந்து, நீலாம்பாள். அணியில் புதிதாகச் சேர்ந்தவள். அக்காவின் பழைய சட்டை போலிருக்கிறது, தொளதொளவென்று தொங்கியது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதை உள்ளே செருகிக்கொண்டே ஓடினாள்.

ஓர் அணியில் இரண்டு பேருக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. இருந்தால் யார் புள்ளி எடுத்தது, யார் ஃபவுல் செய்தது என்று எப்படி எழுதுவது? ஆட்டம் தொடங்கிய பிறகு இது தெரியவந்தால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அதாவது, யாரும் தடுக்காமல், நின்ற இடத்திலிருந்து கூடையில் எறியலாம். துரைராசு சார் எல்லாருக்கும் இந்த விதியைச் சொல்லியிருந்தார்.

செம்மொழி யோசிப்பதற்குள், மஞ்சள் சட்டை ஒன்று பந்தைத் துரத்துவது போல அவளை நோக்கி ஓடி வந்தது. தமிழ்நிலா. 'அ' பிரிவின் கேப்டன்.

"பாத்தியா?" என்று நிலா கிசுகிசுத்தாள். "அங்க ரெண்டு அஞ்சு இருக்கு."

"பாத்தேன். நிலா, நீ இங்க வந்து பேசக் கூடாது."

"நான்கூடவா?"

"யாருமே."

"சரி, நீ பேசாத. கேளு, போதும். பாக்காத மாதிரி இரு. ஆட்டம் ஆரம்பிச்சதும் நானே சார்கிட்ட சொல்லிக்கறேன். எங்களுக்கு ஒரு த்ரோ கிடைக்கும்."

செம்மொழி பச்சை வரிசையைப் பார்த்தாள்.

"போன வருஷம் ஒரே ஒரு புள்ளியில தோத்தோம்டி. நான் எவ்வளவு அழுதேன்னு உனக்குத் தெரியாது. நீ அப்ப இங்க இல்ல." நிலாவின் குரல் லேசாக நடுங்கியது. பிறகு கடினமானது. "இதைக்கூடச் செய்யலைன்னா நீ என்ன ஃப்ரெண்டு? நாளைலேர்ந்து தனியாவே நடந்துக்க."

நிலா பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

செம்மொழி நிலா இல்லாத வாய்க்கால் கரையை நினைத்துப் பார்த்தாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும். நிலாவை இழக்காமலிருக்க அவள் எதுவும் செய்யவேண்டாம், சும்மா நின்றாலே போதும். 'நீ ஏன் பார்க்கவில்லை' என்று யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை.

பச்சை வரிசையில் நீலாம்பாளின் முறை வந்தது. சட்டையைச் செருகிக்கொண்டு ஓடி வந்து எறிந்தாள். பந்து உள்ளே விழுந்ததும், தானே நம்பாதவள் போல இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது சொன்னால் அது வெறும் மறதி. விசில் ஊதிய பிறகு சொன்னால் அது தவறு. இரண்டு முறையும் அதே சட்டை, அதே ஐந்து.

"மூணு நிமிஷம்தான் இருக்கு!" மேசையிலிருந்து துரைராசு சார் செல்பேசியைப் பார்த்துக் கத்தினார்.

செம்மொழி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "ரெண்டு கேப்டனும் வாங்க!"

தர்ஷினி வந்தாள். நிலாவும் வந்தாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தர்ஷினி, உங்க அணியில ரெண்டு அஞ்சு இருக்கு. ஆட்டம் தொடங்கறதுக்குள்ள மாத்தணும்."

தர்ஷினி திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! வேற சட்டை இல்லையே! எங்ககிட்ட மொத்தமே அஞ்சு பேர்தான். ஆறாவது ஆளு காய்ச்சல்னு வரல."

செம்மொழி பச்சைச் சட்டையிலிருந்த வெள்ளை எண்ணையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அஞ்சுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டா?"

"பதினஞ்சு!" என்றாள் தர்ஷினி.

செம்மொழியின் பையில் ஒரு வெள்ளைத் துணி பிளாஸ்டர் சுருள் இருந்தது. முட்டியில் அடிபட்டால் ஒட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா எப்போதும் வைத்தனுப்புவார். ஃபாஜில் ஓடிப்போய் எடுத்து வந்தான். சட்டையின் முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு. நீலாம்பாள் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்சு விடலாம்" என்றான் ஃபாஜில்.

பின்பக்கத்து ஒன்று கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் அது ஒன்றுதான்.

நிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் அணியிடம் போய்விட்டாள்.

ஆட்டம் கடைசி நிமிடம் வரை இழுத்துக்கொண்டு போனது. மஞ்சள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, நிலா கூடையை நோக்கித் தாவினாள். பதினைந்தாம் எண் நீலாம்பாள் அவள் கையில் அடித்தாள். செம்மொழி விசில் ஊதினாள். நிலாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

"ஃப்ரெண்டுக்காக ஊதறா!" என்று பச்சை அணியில் ஒருத்தி கத்தினாள்.

"சும்மா இருடி" என்றாள் தர்ஷினி. "அப்படிப்பட்டவளா இருந்தா நமக்கு பிளாஸ்டர் ஒட்டியிருப்பாளா?"

நிலா கோட்டில் நின்று எறிந்தாள். முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வெளியே விழுந்தது.

மறுபடியும் ஒரே ஒரு புள்ளியில் 'அ' பிரிவு தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் அங்கே நின்று பேசக் கூடாது. அதுவும் வழக்கம்தான். "நாளைக்கு வகுப்புல பார்க்கலாம்" என்று ஃபாஜில் கையசைத்தான். அது கொஞ்சம் இதமாக இருந்தது. செம்மொழி பையை மாட்டிக்கொண்டு தனியாக வாய்க்கால் கரைக்கு வந்தாள்.

வெயில் சாய்ந்திருந்தது. அறுத்த வயலில் கொக்குகள் நின்றன. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் வாய்க்காலின் மறுகரையில் மஞ்சள் சட்டை ஒன்று போவதைப் பார்த்தாள். நிலா அந்தப் பக்கமாக ஒருநாளும் போனதில்லை.

நடுவில் தண்ணீர் மட்டும் ஓடியது.

செம்மொழி ஷூ கயிறு கட்டுவதற்காகக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மறுகரையில் நிலா நின்றுகொண்டிருந்தாள். செம்மொழி நடந்ததும் அவளும் நடந்தாள். நடுவர் கண் அல்லவா? நிலா தனக்காகக் காத்து நின்றது அதற்குத் தப்பவில்லை.

"அந்தப் பதினஞ்சுல ஒண்ணு கோணலா இருந்துச்சு!" என்று நிலா திடீரென்று அங்கிருந்து கத்தினாள்.

"தெரியும்!"

"ரெண்டு எறிஞ்சேன். ஒண்ணுகூட விழலையே!"

"ரெண்டாவது விழுந்துரும்னுதான் நெனச்சேன்" என்று செம்மொழி கத்தினாள். "ஆனா நடுவர் கை தட்டக் கூடாதுன்னு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன்!"

நிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள்.

"பாரு, இது மட்டும் குறி தப்பாம விழுது!"

இரண்டு கரைகளும் சேரும் பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஆளுக்கொரு கரையில், ஒரே வேகத்தில், இருவரும் அதை நோக்கி நடந்தார்கள்.