ஒண்டிக்கட்டை என்று சொன்னவன்

தீவின் பின்பக்கம் பாலிக் புலா என்ற ஊரில் அந்த வீட்டைத் தேடிக் கோகிலன் பெரிதாக அலையவில்லை. ஜாதிக்காய்த் தோப்பு முடிகிற இடத்தில் ஒரு பலகை வீடு என்று கேம் விற்பவர் சொல்லியிருந்தார். அப்படியே இருந்தது. மதிய நேரம்தான். ஆனால் மழை மேகம் மலையை மூடிவிட்டதால் தோப்புக்குள் வெளிச்சம் செத்துக் கிடந்தது. வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ஒரு பறவைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கோகிலனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். குடி கிடையாது, சூது கிடையாது. வீடியோ கேம் வாங்குவான், அது ஒன்றுதான் பைத்தியம். வாங்குகிற வரை தூக்கம் வராது. வாங்கிக் கொஞ்ச நேரம் ஆடியதும் ஏன் வாங்கித் தொலைத்தோம் என்றாகிவிடும். அப்படி வாங்கி நொந்துபோன டிஸ்க்குகள் வீட்டில் ஓர் அலமாரி நிறைய இருந்தன. மனைவி ரூபினி திட்டி அலுத்துப்போய்விட்டாள். இந்த முறை அவன் கண்ணில் பட்டது கடைகளில் எங்கும் கிடைக்காத ஒரு பழைய சண்டை கேம்.

கதவைத் திறந்தவர் ஹைதர். ஐம்பதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம், பெரிய தோள்கள், ஆனால் கண்ணில் மட்டும் உயிர் இல்லை. உள்ளேயிருந்து தைல வாடை வந்தது. அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பு போல இன்னொரு வாடை.

டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன் கேட்டார்.

"வீட்ல யார் யார் இருக்கா தம்பி?"

பழைய கேம் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தன் டிஸ்க்கைப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட சிலர், வாங்குகிறவன் வீட்டில் குழந்தை குட்டி கீறிவிடுமோ என்று பயப்படுவார்கள். அவர்களிடம் தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் காரியம் முடிந்தது. எல்லாரும் சொல்கிற பொய்தான்.

"யாரும் இல்லண்ணே. நான் ஒண்டிக்கட்டை."

"பொண்டாட்டி? அம்மா? கூடத் தங்குற கூட்டாளி?"

"ஒருத்தரும் இல்ல லா."

ஹைதர் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவன் துணியைப் பிடித்த பிறகும் அவர் விரல்கள் விடவில்லை. கடைசியில் விட்டார். அவன் தோப்பைத் தாண்டும் வரை வாசலிலேயே நின்றார்.

அன்று சாயங்காலம் ரூபினி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கோகிலன் கூடத்தில் கேம் பெட்டியில் டிஸ்க்கைப் போட்டான். திரையில் மழை பெய்கிற ஒரு முற்றம் வந்தது. அதில் இரண்டு பேர். ஒருவன் கோகிலனுடைய ஆள். எதிரில் நின்ற உருவத்தின் தலையில் துணி போர்த்தியிருந்தது, முகம் தெரியவில்லை.

அது திருப்பி அடிக்கவே இல்லை. கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போனது, அவ்வளவுதான். இரண்டு குத்தில் கீழே விழுந்தது. இந்தச் சவத்துக்கா இவ்வளவு தூரம் மழையில் போய் வந்தோம் என்று கோகிலனுக்கு எரிச்சலாக வந்தது. வாங்கிய வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ள, விழுந்து கிடந்ததை உதைத்தான். திரும்பத் திரும்ப உதைத்தான். உண்மையைச் சொன்னால் அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிறகு காலை அரை அடி பின்னால் வைத்து, குனிந்து, அதன் இடக்கையைப் பிடித்து முறுக்கினான்.

எலும்பு உடைகிற சத்தம் கேட்டது.

தொலைக்காட்சியிலிருந்து இல்லை. சமையலறையிலிருந்து.

ரூபினி தரையில் மீனோடு மீனாகக் கிடந்தாள். இடக்கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. அவள் கத்தவில்லை. ஓடிவந்த கணவனைப் பார்த்ததும் உடம்பை இழுத்துக்கொண்டு சுவர் ஓரம் ஒதுங்கினாள்.

மருத்துவமனையில் தாதி கோகிலனை வெளியே போகச் சொல்லிவிட்டு ரூபினியிடம் தனியாகப் பேசினார். வழுக்கி விழுந்தேன் என்று ரூபினி சொன்னாள். தாதி நம்பவில்லை. வெளியே வந்தபோது கோகிலனை அவர் பார்த்த பார்வை செருப்பால் அடித்தது போல இருந்தது.

 மாவுக்கட்டு காய்ந்ததும் ரூபினி கோகிலனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நான் வழுக்கி விழல."

"அப்பறோம்?"

"யாரோ அடிச்சாங்க. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. ஆனா அது உங்க கைதான்."

"ரூபி, நான் கூடத்துல இருந்தேன். சாமி சத்தியமா."

"தெரியும். எத்தன வருஷமா இந்தக் கையப் புடிச்சுக்கிட்டு ரோட்டக் கடக்குறேன். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதை அவன் நம்பவும் இல்லை, தள்ளவும் முடியவில்லை. ஒரு நாளும் அவள்மேல் கை ஓங்கியதில்லை. அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கை எடுத்துக் காலில் போட்டு மிதித்தான். அது சுக்கலானது. துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனான்.

மதியம் பக்கத்து வீட்டு ரமணி அக்கா போனில் அழைத்தார்.

"தம்பி, ஏன்பா அந்தப் புள்ளயப் போட்டு இப்படி அடிக்கிறீங்க? கதவத் தொறங்க. இல்லன்னா போலீசக் கூப்புடுவேன்."

"அக்கா, நான் ஃபேக்டரில இருக்கேன்."

அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம் நின்றது.

"அப்ப உள்ள யாரு தம்பி?"

அவன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. ரூபினி சாப்பாட்டு மேசைக்கு அடியில் சுருண்டிருந்தாள். ஒரு கண் வீங்கி முழுவதும் மூடிக்கொண்டிருந்தது. முன்பற்கள் தரையில் ரத்தத்தோடு கிடந்தன. தொலைக்காட்சி தானாக ஓடிக்கொண்டிருந்தது. மழை முற்றத்தில் அவனுடைய ஆள் அங்கும் இங்கும் நடந்தான். கண்ட்ரோலர் அலமாரியின் மேல் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

மிதித்து நொறுக்கிய டிஸ்க் கேம் பெட்டிக்குள் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

ஹைதரைப் போனில் அழைத்தான். நடந்ததைக் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒண்டிக்கட்டைன்னு சொன்னியே தம்பி?"

கோகிலன் மேசைக்கு அடியில் கிடந்த ரூபினியைப் பார்த்தான்.

"அதுக்குத்தானே அப்படிக் கேட்டேன். ஆள் இல்லாத வீட்ல அது வெறும் கேம். என் பொண்டாட்டி ஹுஸ்னா செத்துப்போனப்பறம் இங்கயும் சும்மாதான் கெடந்துச்சு. அது முதல்ல நம்ம ஆட்டத்தக் கத்துக்கும். அப்பறோம் நம்ம தேவ இல்ல. நாம எப்படி அடிச்சமோ அப்படியே அடிக்கும்."

"ரூபினிய எங்கயாச்சும் அனுப்பிடவா?"

"ஹுஸ்னாவ புக்கிட் மெர்தாஜாம்ல அவ அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். கடல் பாலத்தத் தாண்டி அங்கயும் அது போச்சு. திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"வேற வழியே இல்லயாண்ணே?"

 ஹைதர் குரலை மிகவும் இறக்கிப் பேசினார்.

"ரெண்டாவது கண்ட்ரோலர எடு. துணி போத்திக்கிட்டு நிக்குது பாரு, அந்த எடத்துல நீ நில்லு. அடி உனக்கு விழும். நான் எடுக்கல தம்பி. பயந்துட்டேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

திரையில் அந்த ஆள் நடப்பதை நிறுத்தினான். தலையை மேசைப் பக்கம் திருப்பினான்.

ரூபினி முனகினாள்.

கோகிலன் யோசிக்கவில்லை. இழுப்பறையைக் கவிழ்த்து இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்துச் செருகினான். மேசைக்கு முன்னால் ரூபினியை மறைத்துத் தரையில் உட்கார்ந்தான்.

முதல் குத்து வயிற்றில் இறங்கியது. கூடத்தில் யாரும் இல்லை. ஆனால் விலா எலும்பு உள்ளே ஒடிந்ததை அவன் காதாலேயே கேட்டான். அடுத்தது மூக்கு. ரத்தம் வாய்க்குள் ஓடியது. திரும்பக் குத்தப் போனான், அந்த ஆள் ஒதுங்கிக்கொண்டான். எப்படி ஒதுங்காமல் இருப்பான்? எல்லாம் அவனுடைய ஆட்டம். எந்தப் பொத்தானுக்கு அடுத்து எதை அழுத்துவான் என்று அதற்குத் தெரியும். முழங்கால் வந்து தாடையில் மோதியது. ஒரு பல் தொண்டைக்குள் போனது. கோகிலன் குப்புற விழுந்தான்.

ஆட்டம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உதை நிற்கவில்லை. முதுகில், விலாவில், காதில்.

விழுந்தவனை உதைக்கிறான். கொஞ்சமும் அவசரம் இல்லாமல், ரசித்து உதைக்கிறான். இவ்வளவு கேவலமாகவா ஆடினோம் என்று கோகிலனுக்கு அழுகை வந்தது. உடம்பு வலியைவிட அது அதிகமாக வலித்தது.

அந்த அழுகையிலேதான் ஒன்று பிடிபட்டது. விழுந்தவனை உதைக்கும்போது அவன் ஒருநாளும் தன்னைக் காத்துக்கொண்டதில்லை. விழுந்தவனால் என்ன செய்ய முடியும் என்கிற திமிர். அதையும் சேர்த்துத்தான் அது கற்றிருக்க வேண்டும்.

அசையாமல் கிடந்தான். உதைகளை வாங்கினான். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அந்த ஆள் காலை அரை அடி பின்னால் வைத்தான். கையை முறுக்கக் குனிந்தான்.

கோகிலன் பொத்தானை அழுத்தினான்.

கீழே கிடந்த உருவம் அந்த ஆளின் வலக்கையை எட்டிப் பிடித்து, முழங்கையில் காலை ஊன்றி, உடைத்தது. அந்த நொடியே கோகிலனின் வலக்கை படக்கென்று ஒடிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அலறினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ரூபினி சொன்னது சரிதான், அது அவனுடைய கை. அதன் கையை உடைத்தால் தன் கைதான் உடையும். இன்னும் ஒரு கை பாக்கி இருந்தது.

"வேணாங்க," என்றாள் ரூபினி மேசைக்கு அடியிலிருந்து. "விட்டுருங்க."

அவன் விடவில்லை. கண்ட்ரோலரை முழங்காலால் தரையோடு அழுத்திக்கொண்டு, இடக்கை விரலால் குச்சியைத் தள்ளி, பொத்தானை நெற்றியால் குத்தினான். திரையில் இடக்கை முறிந்தது. கூடத்திலும் முறிந்தது. இரண்டு கைகளும் தொங்க அந்த ஆள் முற்றத்து மழையில் மண்டியிட்டான். பிறகு திரை அணைந்தது. ரமணி அக்கா ஆட்களைக் கூட்டிவந்து கதவை உடைத்தபோது கோகிலனுக்கு நினைவு தப்பியிருந்தது.

அவனுக்கு நினைவு வந்தபோது மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். இரண்டு கைகளுக்கும் தோளிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டு. அசைக்க முடியாதபடி போர்வைக்கு மேல் கிடத்தி வைத்திருந்தார்கள். அறையில் காலை வெயில் நிறைந்திருந்தது.

சில நாள்களில் ரூபினி எழுந்து நடமாடினாள். கேம் பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும், டிஸ்க் இல்லை, உள்ளே கொஞ்சம் சாம்பல்தான் இருந்தது என்றும் சொன்னாள். நல்ல கையில் கரண்டி பிடித்து அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். வீக்கம் வடிந்த முகத்தில் பழைய ரூபினி கொஞ்சம் தெரிந்தாள்.  இந்த ஜென்மத்தில் இனி கேம் பக்கமே போவதில்லை என்றான் கோகிலன். அவள் சிரித்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, பல் போன இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முடிஞ்சிருச்சுல்ல?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு ரூபி."

அவள் குனிந்து அவன் நெற்றியில் கன்னத்தை வைத்தாள்.

பளார் என்று ஒரு சத்தம்.

ரூபினியின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. கஞ்சிக் கிண்ணம் சுவரில் போய் மோதியது. அவள் கன்னத்தில் ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும்பின.

இரண்டு பேரும் அவன் கைகளைப் பார்த்தார்கள். அவை வெள்ளை மாவுக்கட்டுக்குள் போர்வை மேல் அப்படியே கிடந்தன. அதற்கு இனி டிஸ்க்கும் தேவையில்லை என்று கோகிலனுக்குப் புரிந்தது.

 ரூபினி கைப்பையை எடுத்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து கதவு வரை போனாள். பிறகு திரும்பி ஓடினாள்.  எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போகட்டும் என்று கோகிலன் வேண்டிக்கொண்டு, வெளியே நடைக்கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

சத்தம் நின்றது. யாரோ தரையில் விழுந்தார்கள்.

அதற்குப் பிறகு உதைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.