பெயர்க்காரணப் பதிவேடு

எல்லையோர ஊராட்சியின் வரைபடத்தில் இடப்பெயர்கள் மொத்தம் நாற்பத்தொன்று. அவளே எழுதி, அவளே எண்ணி, நேற்று மாலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இன்று மதியம் விரித்தால் நாற்பத்திரண்டு.

எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம். அதன் மேல் மை காயாமல் மின்னியது புதுப் பெயர்: வாயாடி கிணறு.

அங்கே கிணறே கிடையாது. போன வாரம்தான் அளந்துவிட்டு வந்தாள். வாயாடி மட்டும் உண்டு. நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"யாருண்ணே இந்த வேலையப் பார்த்தது? விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாம்?"

படம் வரைபவர் எட்டிப் பார்த்தார். எதற்கும் கேலி பேசுகிறவர், சிரிக்கவில்லை. "பழைய பதிவேட்டுல தேதியப் பாரும்மா" என்றவர், சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

பதிவேட்டில் பெயருக்கு ஒரு தேதி, அந்தப் பெயர் வந்த காரணத்துக்கு ஒரு தேதி. கரையான் அரித்த தாளின் புளித்த வாசனை தொண்டையில் ஒட்ட, மின்விசிறி தலைக்கு மேல் கடக் கடக்கென்று தட்டிக்கொண்டிருக்க, அவள் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். கூனன் பாலம்: பெயர் பதிந்து ஆறு வருடம் கழித்துத்தான் பாலமே கட்டினார்கள், தூணுக்கடியில் நசுங்கியவன் ஒரு கூனன். மூன்று அக்கா மேடு: பெயர் எழுதிய மறு வாரம் மண் சரிந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான். இங்கே பெயர் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆளுக்குக் காத்திருந்தது.

கடைசி வரி: வாயாடி கிணறு. காரணம் காலி.

பயந்தாள். அதைவிடக் கோபம் வந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது மாதக் குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். பிளேடை எடுத்து வரைபடத்தில் இருந்த பெயரைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட மை ஊறி வந்தது.

"காரணம்தானே வேணும்? நானே எழுதறேன்."

எழுதினாள். 'வாயாடி ஒருத்தி தோண்டிய கிணறு. அவள் தொண்ணூறு வயதில், பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே, தன் கட்டிலில் செத்தாள்.' கையெழுத்தும் போட்டாள்.

மின்விசிறி நின்றது.

காலுக்கடியில் ஈரம். ஒரு தரைக்கல் அசைந்தது. வரைபடத்தைப் பார்த்தாள். வட்டம் எல்லைக் கல்லருகில் இல்லை. இந்த அலுவலகத்தின் மேல் இருந்தது.

கீழே யாரோ பேசினார்கள். அவள் குரல். அவள் எழுதிய வரி.

"எண்பது வயதில் செத்தாள்."

"தொண்ணூறு" என்றாள் இவள்.

"அறுபது. நாற்பத்தைந்து."

"தொண்ணூறுன்னு சொல்றேன்ல!"

தரைக்கல் உள்ளே விழுந்தது. இன்னொன்று. மேசைக் காலைக் கட்டிப்பிடித்தாள். கறுத்த தண்ணீர் வட்டமாக ஏறி வந்தது. அதற்குள் ஒரு முகம். அவள் முகம். ஊறிப்போனது.

"முப்பத்திரண்டு."

"தொண்ணூறு!"

அந்த வாய் நிற்கவில்லை. இவள் வாயும் நிற்கவில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டது.