நாச்சியார் பணியில் இருக்கிறார்

உடம்பை ஒப்படைத்தால் ரசீது வாங்காமல் விடாதே என்று முனைவர் நாச்சியாரிடம் அவள் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் மறக்காமல் கேட்டு வாங்கினாள். எடை அறுபத்தெட்டு கிலோ, இடது முழங்காலில் வலி உண்டு, கடைவாய்ப் பல் ஒன்று இல்லை, நகை எதுவும் இல்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். கல்லூரியின் உடற்காப்பகத்தில் திங்கட்கிழமை காலைகளில் இது வழக்கமான காட்சிதான். முந்தின வாரம் மலேசியாவுக்குப் போய்த் திரும்பிய வணிகவியல் பேராசிரியர் ஒருவர், தன் உடம்பு இரண்டு கிலோ கூடியிருப்பதாகப் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்.

விமானங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்லூரி ஆசிரியர்கள் வெளிநாட்டில் கற்பிக்கவும் பயிற்சி பெறவும் இப்போது மனம் மட்டும் போனால் போதும். கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இந்தக் கல்லூரியிலிருந்து நாச்சியாரின் மனம் கம்பிவழியே நார்வேக்குப் போய், அங்கே தாவரவியல் நடத்தும் ஆஸ்ட்ரிட் என்ற பெண்ணின் உடம்பில் இருபத்தொரு நாள் தங்கும். ஆஸ்ட்ரிட்டின் மனம் இங்கே வந்து நாச்சியாரின் உடம்பில் தங்கும். இதற்கு மனப்பெயர்வு என்று பெயர். விருந்தாளி மனம் வளாகத்தைத் தாண்டக் கூடாது, உடம்புக்காரரின் வீட்டுக்குப் போகவே கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆரம்ப காலத்தில் அப்படிப் போய்ச் சில குடும்பங்கள் குழம்பிவிட்டன.

படுக்கையில் ஏறும் நேரத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் சேர்மக்கனி மூச்சிரைக்க வந்தார்.

“மேடம், நீங்க வெளிய போறதுக்கான அனுமதி இன்னும் பல்கலைக்கழகத்துல இருந்து வரலயே. இருபத்தொரு நாளும் ஆப்சென்ட்டுல்லா விழும்?”

“அந்த ஃபைல் வாரதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன் அண்ணாச்சி. விரல் இங்கதான இருக்கு? வாரவங்கள தினமும் காலைல மெஷின்ல ஒரு தடவ வைக்கச் சொல்லிருங்க.”

“அதுவும் சரிதான். நான் பாத்துக்கிடுதேன்.”

விரலை வைக்கச் சொன்னது யார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கல்லூரியின் வருகை ஒழுங்குக் குழுவுக்குத் தலைவி நாச்சியார். தோழிக்காகப் பொய் வருகை போட்ட மாணவியைத் தேர்வே எழுத விடாமல் செய்தவள். ரேகைப்பொறியில் ஒருமுறை விழுந்த பதிவை யாரும், எக்காரணம் கொண்டும் திருத்த முடியாது என்ற விதியை எழுதியவளும் அவள்தான். மாணவர்களுக்கு விதி, நமக்கு வசதி. அதில் அவள் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

நார்வேயில் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆஸ்ட்ரிட்டின் முழங்கால்கள் வலிக்கவில்லை. அவள் ஆசையாக வைத்துக் குடித்த ரசம் மட்டும் அந்தத் தொண்டையில் இறங்க மறுத்தது. அங்கே நுண்ணோக்கிகள் மேசைமேல் திறந்து கிடந்தன. மாணவர்கள் நினைத்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து நாச்சியாருக்கு வயிறு எரிந்தது. அவளுடைய கல்லூரியிலும் நாற்பது நுண்ணோக்கிகள் இருந்தன. பழுதாகிவிடுமே என்று உறைபோட்டு, அலமாரியில் பூட்டி, சாவியை முதல்வர் தனஞ்செயன் வைத்திருந்தார். தரச்சான்றுக் குழு வரும் நாளில் மட்டும் அலமாரி திறக்கும். திறந்து வையுங்கள் என்று நாச்சியார் பதினோரு ஆண்டுகளில் பதினோரு கடிதம் எழுதியிருந்தாள்.

ஏழு வயது மகள் பவழத்தோடு திரையில் பேச முயன்றபோதுதான் அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. பொன்னிற முடியையும் நீலக் கண்ணையும் பார்த்த குழந்தை, “இது எங்கம்மா இல்ல” என்று எழுந்து ஓடிவிட்டது. அதன்பின் நாச்சியார் பேசவில்லை, நாட்களை மட்டும் எண்ணினாள்.

இருபத்திரண்டாம் நாள் ஆஸ்ட்ரிட் தன் உடம்புக்குத் திரும்பினாள். அவளுக்கு இடம் விட்ட நாச்சியாரின் மனம், நார்வேக் கல்லூரியின் மனப்பெட்டகத்தில் ஒரு கணம் நின்று ஊருக்குப் புறப்பட வேண்டும். அந்த ஒரு கணம் முடியவே இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கதவு திறக்காமல் ஒரு வரியைக் காட்டியது: “நாச்சியார் ஏற்கெனவே பணியில் இருக்கிறார். இல்லாதவர் மட்டுமே திரும்ப வர இயலும்.”

பெட்டகத்தில் ஒரு திரையும் ஒரு குரலும்தான் அவளுக்கு இருந்தன. அந்தக் குரலால் முதல்வரை அழைத்தாள்.

“நீங்க இங்க இல்லன்னு நான் எழுதணும்னா, இருபத்தொரு நாளும் பொய் வருகை போட்டோம்னு எழுதணும் மேடம்” என்றார் தனஞ்செயன். “அடுத்த மாசம் தரச்சான்றுக் குழு வருது. உங்க ரூல்படி அதுக்கு டிஸ்மிஸ்.”

“டிஸ்மிஸ் பண்ணுங்க சார். நான் வீட்டுக்குப் போனாப் போதும்.”

“டிஸ்மிஸ் ஆனவங்களுக்குக் கம்பி திறக்காதே. ஸ்டாஃபுக்கு மட்டுந்தான மனப்பெயர்வு?”

அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். சேர்மக்கனியோ ஆறுதல் சொல்ல வந்தார்: “உங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்ல மேடம். தினமும் எட்டே முக்காலுக்குத் தள்ளுவண்டில கொண்டுபோய் விரல வச்சிட்டு வந்துருதோம். நீங்க சொன்ன மாதிரியே.”

நாச்சியாரின் கணவர் மனுக் கொடுத்தார். அவள் தினமும் வந்ததாகச் சொல்லும் பதிவேட்டைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் ஆஸ்ட்ரிட். பணியில் இருக்கும் உடம்புக்குள் விருந்தாளி மனம் வரலாம் என்பதுதானே திட்டமே? நாச்சியாரின் மனத்தையே நார்வேக் கல்லூரி அனுப்பும் சிறப்புப் பேராசிரியர் என்று காட்டி ஒரு விண்ணப்பம் போட்டாள். அரை மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. அனுமதி வந்த வேகத்தைப் பார்த்து நாச்சியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வருகிற மூன்று வாரத்தில் எப்படியாவது முதல்வரை மடக்கிவிடலாம் என்று நம்பினாள்.

இருபத்தொன்பதாம் நாள் கண் திறந்தபோது இடது முழங்கால் வலித்தது. அந்த வலியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நார்வே விருந்தாளியை வரவேற்றுப் பேனர் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு, ரோஜாப் பன்னீர், பொன்னாடை. பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த கல்லூரியில் நாச்சியாருக்கு விழுந்த முதல் பொன்னாடை அது. விழா அரங்கின் மூன்றாவது வரிசையில் கணவரும் பவழமும் இருந்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்து அவள் தெளிவாகச் சொன்னாள்.

“நான் நார்வேல இருந்து வந்த விருந்தாளி இல்ல. நான் உங்க நாச்சியார். என்னை என் வீட்டுக்கு அனுப்புங்க.”

 கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

“என்ன அழகா தமிழ் பேசுதாங்க பாருங்க!” என்று பக்கத்து நாற்காலியிடம் உருகினார் ஆங்கிலத் துறைத் தலைவர்.

“அம்மா!” என்று பவழம் கத்தினாள். பின்வரிசை ஆசிரியை ஒருத்தி அவள் தோளைத் தட்டி உட்காரவைத்தாள். “அது வெளிநாட்டுக்காரங்க பாப்பா. அம்மா உடம்புல வந்திருக்காங்க.”

விழா முடிந்ததும் குழந்தை மேடைப் படியருகே வந்து நின்றது.

“நீங்க எப்பப் போவீங்க? நீங்க போனாத்தான் எங்கம்மா வருவாங்களாம்.”

“நாந்தான்டி பவழம். நாந்தான் அம்மா.”

குழந்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தது. நம்பத்தான் அதற்கு ஆசை. “எல்லாரும் இல்லங்கறாங்களே” என்றது. அதற்குள் காவலர் வந்து, குடும்பத்தார் விருந்தாளியோடு பேச அனுமதி இல்லை என்று அழைத்துப் போய்விட்டார்.

அந்த மூன்று வாரமும் நாச்சியார் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. வீட்டுக்கு விடுங்கள் என்றாள். இளநீர் வந்தது. பதிவைத் திருத்துங்கள் என்றாள். ஆசிரியர்களோடு நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஒருநாள் வெறுத்துப்போய், “அந்த அலமாரியையாவது திறந்து விடுங்க சார்” என்றாள். முதல்வர் சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். மறுநாளே நாற்பது நுண்ணோக்கிகளும் மேசைக்கு வந்தன. சுவரில் ‘நார்வே முறை’ என்று பலகை மாட்டினார்கள். “இத்தன வருசத்துல நம்மாளு ஒருத்தருக்காவது இது தோணுச்சா?” என்று தனஞ்செயன் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். பதினோரு கடிதங்களும் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தன.

வந்து இருபத்தொன்றாம் நாள் விருந்தாளியின் அனுமதி முடிந்தது. நாச்சியார் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்று அழுதாள். நம் கல்லூரியை விட்டுப் போக எவ்வளவு வருத்தப்படுகிறார்கள் என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள். அவள் மனம் பெட்டகத்துக்குத் திரும்பியது. உடம்பு ரசீதோடு காப்பகத்தில் இருந்தது.

தரச்சான்றுக் குழு வந்தது. மேசைமேல் இருந்த நுண்ணோக்கிகளைப் பாராட்டியது. பதிவேட்டைப் புரட்டி, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத ஆசிரியர் என்று நாச்சியாரின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டது. நடைவழியில் எதிரே வந்த தள்ளுவண்டிக்கு உறுப்பினர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விருந்தாளி போனால் அம்மா வருவாள் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா? அன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் பவழம் கல்லூரி வாசலில் வந்து நின்றாள். சேர்மக்கனி அவள் உயரத்துக்குக் குனிந்து அன்பாகச் சொன்னார்.

“அம்மா உள்ளதான் இருக்காங்க பாப்பா. இப்பத்தான் விரல் வச்சாங்க.”