ஆசு விழுந்தபோது பார்த்த இடம்

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பரிசுப் பெட்டி திறக்கப்பட்டது. நாலேகாலுக்குள் ரிம்ஸானின் கடையும் பெயரும் மானமும் சந்திக்கு வந்துவிட்டன.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். ஊர்ப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்காகப் பழைய மாணவர் சங்கம் போக்கர் போட்டி வைத்திருந்தது. ஆயுள் முழுக்க முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடிச் சண்டை பிடித்தவர்களுக்குத் திடீரென்று போக்கர் ஆசை வந்திருந்தது. பரிசு ஒரு தங்கச் சங்கிலி, நகைக்கடை ரிம்ஸானின் அன்பளிப்பு. வென்றவள் நிலாணி. இன்சூரன்ஸ் கொம்பனியில் கள்ளக் கிளெய்ம் பிடிப்பது அவள் தொழில். யார் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில் கெட்டிக்காரி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

மேடையில் ரிம்ஸான் சங்கிலியை எடுத்துத் தூக்கினான். தூக்கிய கை பாதியில் நின்றது.

“இது நான் தந்த சங்கிலி இல்ல. இது கவரிங்.”

பேசாமல் இருந்திருந்தால் மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னதுதான் அவன் செய்த பிழை.

“ஓசியிலை பேர் எடுக்கக் கவரிங்கைத் தந்துபோட்டு இப்ப நடிக்கிறார்,” என்றார் ஒருவர்.

“உவங்களை நம்பினால் உதுதான்,” என்றது பின்வரிசை.

உவங்கள் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. மண்டபத்தில் இருந்த ஒரேயொரு முஸ்லிம் ரிம்ஸான்தான். யாரோ கைபேசியில் பிடித்த காட்சி அதற்குள் வாட்ஸ்அப்பில் பக்கத்து நகரமான விட்பி வரைக்கும் போயிருந்தது. நிலாணிக்குக் காது சுட்டது. பின்வரிசையில் இருந்து அதைச் சொன்னவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. அவள் வாயைத் திறக்கவில்லை. அதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு ரிம்ஸானை மேடையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

“சங்கிலியை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?”

“பொருளாளர் மகேஸ்வரன் அண்ணைட்ட. போன மாசக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால நிறுத்துக் காட்டித்தான் குடுத்த.”

“பெட்டி?”

“பெட்டியும் என்ட கடைப் பெட்டிதான். புத்தம் புதுசு.”

செயலாளர் நீக்கிலாஸ் கேளாமலே வந்து சேர்ந்தார். “காலமை மகேஸ்வரன் வீட்டை போய் எடுத்துக்கொண்டு நேரை இஞ்சதான் வந்தனான். மேடையிலை வைச்ச நேரம் தொடக்கம் வீடியோ ஓடுது. ஒருத்தரும் கிட்டப் போகேல்லை.”

“வழியிலை?”

“மனிசி மடியிலை வைச்சிருந்தவ. வேணுமெண்டால் அவவையும் விசாரி.”

நிலாணி சிரிக்கவில்லை. பெட்டிக்குள் கருநீல வெல்வெட். கொழுக்கி இருக்கும் மூலையில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தாள். சந்தனம்.

அவள் கண் தானாகவே விளையாட்டு மேசைப் பக்கம் போனது. மகேஸ்வரன் அண்ணை அங்கே தனியே இருந்து, யாரும் கேட்காமலே சீட்டுக் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இறுதிச் சுற்றில் அவர்கள் இருவரும்தான் மிஞ்சியிருந்தார்கள். நிலாணியின் கையில் ஒரு ராணி, ஒரு ஜாக். இரண்டும் மேசையில் விரித்த சீட்டுகளோடு சேரவில்லை. கடைசிச் சீட்டாக, எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஆசு விழுந்தது. அவள் மகேஸ்வரனின் முகத்தைப் பார்த்தாள். அவர் சீட்டையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மேடையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பயந்திருக்கிறார் என்று கண்டுகொண்டாள். கையில் ஆசு இருக்கிறவள்போல, தன்னிடம் இருந்த பந்தயச் சிப்ஸ் எல்லாவற்றையும் நடுவே தள்ளினாள்.

அவர் கனநேரம் இருந்துவிட்டு, அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, சீட்டுகளை மடித்து நிமிர்த்திப் போட்டார். இரண்டு ராசா. வெல்ல வேண்டிய கை. மண்டபமே மூக்கில் விரல் வைத்தது. அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சிய சிப்ஸ் அடுத்த ஆட்டத்தோடு கரைந்துபோயிற்று.

நிலாணி அப்போது தன்னையே மெச்சிக்கொண்டாள். அவர் பயப்படுகிறார் என்று கண்டது சரி. எதற்குப் பயம் என்று கேட்கத்தான் மறந்துபோனாள்.

“அண்ணை, ஒருக்கா வாங்கோ,” என்று அவரைக் கோட்டுகள் தொங்கும் அறைக்குக் கூட்டிப்போனாள். கனடாவுக்கு வந்த முதல் வருடம் மல்வேர்னில் அவளுக்குப் பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் இந்த மனிதர்தான். முழங்காலில் நின்று நாடாவும் கட்டிவிட்டார். அந்த நினைவு வேண்டாத நேரத்தில் வந்து நின்றது.

“ஆசு விழேக்கை ஏன் பெட்டியைப் பாத்தனீங்கள்?”

“பரிசுதானே. பாக்கக்கூடாதோ?”

“ரெண்டு ராசாவை ஏன் மடிச்சனீங்கள்? தோத்தாலும் பரவாயில்லை, மற்றவன்ர கையைத் திறந்து பாக்கவேணும் எண்டு நிக்கிற ஆள் நீங்கள்.”

“வயசு போட்டுது பிள்ளை.”

“தோத்தால் என்ன, ஒரு சங்கிலி. அதுக்கு அவ்வளவு பயமோ? நீங்கள் வெண்டிருந்தால் மேடையிலை ஒருத்தரும் பெட்டியைத் திறந்திருக்கமாட்டினம். ‘வீட்டை போய்ப் பாப்பம்’ எண்டு கொண்டுபோயிருப்பியள். அதுக்குத்தான் விளையாட வந்தனீங்கள்.”

அவள் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

“பெட்டியிலை சந்தனம் கிடக்கு. புதுப்பெட்டி. கடையிலையிருந்து உங்கட வீட்டுக்குத்தான் வந்தது. போன சனிக்கிழமை உங்கட மகளுக்குச் சாமத்தியவீடு.”

“சந்தனம் ஆற்றை வீட்டிலைதான் இல்லை?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாமத்தியவீடு என்ற அந்தப் பூப்பு விழா அன்று நீக்கிலாஸ்கூடச் சந்தனப் பொட்டோடுதான் படம் எடுத்திருப்பார். இதை வைத்துக்கொண்டு எவரையும் குற்றவாளி என்று சொல்லமுடியாது. வெளியே சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. “பொலிசைக் கூப்பிடுங்கோ! கடைக்கு முன்னாலை போய் நிப்பம்!”

மகேஸ்வரனின் தொண்டை ஏறி இறங்கியது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

நிலாணி கைபேசியை எடுத்தாள். திரையைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“சாமத்தியவீட்டிலை நான் எடுத்த படம் இருக்கு அண்ணை. மகளின்ர கழுத்திலை சங்கிலி வடிவாத் தெரியுது. ரிம்ஸானுக்குக் காட்டினால் தன்ர வேலையை அவர் கண்டுபிடிப்பார். காட்டட்டோ?”

“வேண்டாம்,” என்றார் மகேஸ்வரன். கோட்டுகளுக்கு நடுவே இருந்த கதிரையில் பொத்தென்று இருந்தார்.

“லண்டனிலையிருந்து மச்சாள் குடும்பம் வந்தது. கழுத்து நிறைய நகை. மனிசி சந்திரவதனாவின்ர நகையெல்லாம் வீட்டு மோர்ட்கேஜ் கடனுக்குள்ளை போட்டுது, உனக்குத் தெரியும்தானே. பிள்ளை மேடைக்கு ஏறப்போகுது, கழுத்து வெறுமையாக் கிடக்கு. அலுமாரியிலை உந்தச் சங்கிலி சும்மா கிடந்தது. சந்தனக் கையோடை பெட்டியைத் திறந்தன். ஒரு நாள்தானே, நாலு படம் எடுத்துப்போட்டு வைப்பம் எண்டு நினைச்சன். இரவல் நகை… கொழுக்கி கழண்டு எங்கையோ விழுந்திட்டுது. மண்டபம், கார், பனிக்குள்ளை எல்லாம் தேடினன். கிடைக்கேல்லை. கவரிங் ஒண்டை வாங்கிப் பெட்டியிலை வைச்சன். வெண்டிட்டால் ஆறுதலா ஒண்டு செய்விச்சு வைக்கலாம் எண்டு இருந்தன். ரிம்ஸான் வாயைத் திறந்து சொல்லுவான் எண்டு நினைக்கேல்லை. அவனைச் சனம் பேசேக்கை என்ர நாக்கு எழும்பேல்லை. களவெடுத்ததைவிட அதுதான் பிள்ளை பெரிய வெக்கம்.”

நிமிர்ந்து அவளுடைய கைபேசியைப் பார்த்தார்.

“அந்தப் படத்தைக் காட்டு. என்ர பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு பாப்பம்.”

மறுக்க நிலாணிக்கு மனம் வரவில்லை. கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். வாகனத் தரிப்பிடத்தில் அன்று காலை எடுத்த ரசீதின் படம்தான் திரையில் இருந்தது.

“நான் அண்டைக்கு வரேல்லை அண்ணை. வேலை. அம்மாவிட்டைக் காசு வைச்ச என்வலப் குடுத்துவிட்டனான்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஆசு?”

“அதுவும் இல்லை. என்ர கையிலை ஒண்டுமே இல்லை.”

சப்பாத்து நாடா கட்டிவிட்டவரை ஒரே நாளில் இரண்டு தரம் வெறுங்கையால் அடித்திருந்தாள். வேறு யாராவது என்றால் கெட்டித்தனம் என்று பெருமைப்பட்டிருப்பாள். இப்போது கூனிக்குறுகிப்போய் நின்றாள். அவர் எழுந்து வெளியே போய், “எனக்கு ஒண்டும் தெரியாது” என்று சொன்னால் அதை மறுக்க அவளிடம் ஒரு சான்றும் இல்லை. பொருளாளர் சொல் அம்பலம் ஏறும். ரிம்ஸான் கடையைப் பூட்டுவான். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மகேஸ்வரன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவடியில் நின்று திரும்பினார்.

“ஆசு இருக்கோ இல்லையோ, அப்ப நான் உன்ர கையைத் திறந்து பாத்திருக்க வேணும் பிள்ளை. இனி ஒருக்காலும் மடிக்கமாட்டன்.”

மேடைக்கு நேரே போய் ஒலிவாங்கியை எடுத்தார். சந்திரவதனா தேத்தண்ணிக் கோப்பையோடு நடுமண்டபத்தில் நின்றாள்.

“ரிம்ஸான் தம்பி, இஞ்சை வாரும். எனக்குப் பக்கத்திலை நில்லும்,” என்றார் மகேஸ்வரன். “இவ்வளவு நேரமும் நீங்கள் இவரைப் பேசின பேச்செல்லாம் எனக்குப் பேச வேண்டியது.”

பின்வரிசையில் சித்தப்பா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலாணியும் தன்னுடையதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.