இரண்டு தட்டினால் திரும்பி வா

பிரான்சிஸ் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. அதற்குள் சுவரோரம் போகிற இரும்புக் குழாயில் 'டங்' என்று ஒரு தட்டு கேட்டது.

ஒரே ஒரு தட்டு. மில்லுக்குள் எங்கோ தூரத்தில் யாரோ ஸ்பேனர் முனையால் தட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. மெர்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களாங்க?"

"ஆயுத பூசை அன்னைக்கு எவன் இருப்பான்? காலைல பூரா வெயில்ல காஞ்ச தகரம், மழ வாரதுக்கு முன்ன சுருங்குது. அதான் சத்தம்."

சொன்னதென்னவோ நியாயமாகத்தான் இருந்தது. வெளியே அன்னூர் ரோட்டுப் பக்கம் மேகம் கருகருவென்று இறங்கியிருந்தது. நாலு மணிக்கே ஆபீசில் டியூப்லைட் போட வேண்டியதாகிவிட்டது. ஆனாலும் மெர்சிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. மூன்று ஷிப்டும் ஓடுகிற நூல் மில்லில் பேசுவதென்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அப்படிப்பட்ட இடம் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது. மதியம் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாசனை, மெஷின் எண்ணெய், வாடிப்போன வாழைக்கன்று, எல்லாவற்றுக்கும் மேலே தொண்டையைப் பிடிக்கிற சாம்பிராணிப் புகை. சாமி கும்பிட்டு முடித்தவர்கள் புகையை உள்ளேயே விட்டு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தப் புகைதான் அவளுக்குக் கவலை. பிரான்சிசுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. பஞ்சுத் தூசியும் புகையும் சேர்ந்தால் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். போன வருடம் இப்படித்தான் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் சுருண்டு விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்ததே பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து மில் வேலை என்றால் மெர்சியும் வண்டியின் பின்னால் ஏறிக்கொள்வாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து கணபதியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தினார்கள். ஊரில் அப்போதுதான் இன்டர்நெட் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்த தொண்ணூற்றெட்டாம் வருடம். கடை அவளுக்குப் பெரிதில்லை. இந்த ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இன்றைக்கு வந்திருக்கவே கூடாது. ஆனால் மில் முதலாளி சீனிவாசலு போனில் கெஞ்சாத குறை. வெளிநாட்டு வியாபாரிக்கு நூல் விலையை இன்று சாயங்காலத்துக்குள் ஈமெயிலில் அனுப்பியாக வேண்டும். அவனுக்கு ஏது ஆயுத பூசை. காலையில் பூசைக்கு முன்னால் நன்றாக வேலை செய்த இன்டர்நெட், பூசை முடிந்ததும் போய்விட்டதாம்.

"போவாம என்ன பண்ணும், பாரு," என்று கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் காட்டினான் பிரான்சிஸ். மில்காரர்கள் மானிட்டருக்குப் பொட்டு வைத்ததோடு விடவில்லை. பின்னால் ஒயர் மாட்டுகிற மூட்டுக்கும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். "நெத்தி எதுன்னு தெரியாமப் பாத்த எடத்துலயெல்லாம் வெச்சுப்போட்டானுக."

துடைத்து மாட்டியும் வரவில்லை. மெர்சி கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தது, அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே வரி.

அந்த மில்லின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே கருப்பு ஒயரில் கோத்தவை. மாடியில் முதலாளி அறையில் மோடம். அங்கிருந்து ஒயர் ஆபீசுக்கு இறங்கி, சுவரில் போட்ட ஓட்டை வழியாக மெஷின் ஹாலுக்குள் நுழைந்து, ஆள் வருகை பதிகிற டைம் ஆபீசைத் தொட்டு, பஞ்சு பரிசோதிக்கிற அறையைத் தொட்டு, கடைசியில் குடோனுக்குள் போய் முடிகிறது. எலி கடிக்காமல் இருக்க ஹால் நெடுகிலும் அதை இரும்புக் குழாய்க்குள் விட்டிருந்தார்கள். இந்த மாதிரி ஒயருக்கு ஒரு கெட்ட குணம். எங்கே ஒரு மூட்டு விட்டுப்போனாலும் எல்லா கம்ப்யூட்டரும் ஒன்றாகச் செத்துப்போகும். ஒருவர் ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி மாட்டிக்கொண்டே போக, இன்னொருவர் திரை முன்னால் உட்கார்ந்து வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

வாட்ச்மேன் மாசாணம் டார்ச்சும் சாவியும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். காதில் செவ்வந்திப் பூ செருகியிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நான் ஊட்டுக்குப் போயி ஒரு வா சாப்புட்டுப்போட்டு வாரேனுங்க. உள்ள லைட்டு எரியாதுங்க, ஹாலு மெயினை நிறுத்திப்போட்டாங்க. அப்பறம், குடோனு பக்கம் போவ வேண்டியதில்லீங்க. பூட்டிக் கெடக்குது. அங்கிருந்த கம்ப்யூட்டரக் கூடத் தாராபுரம் மில்லுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"ஏனுங்க பூட்டிட்டாங்க?" என்றாள் மெர்சி.

"அது கெடக்குதுங்க," என்று சொல்லிவிட்டு மாசாணம் சைக்கிளை எடுத்தார்.

பிரான்சிஸ் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டான். வழக்கமாக ஒரு மூட்டை மாட்டியதும் "இப்போ?" என்று கத்துவான். இந்தப் புகையில் கத்தினால் இளைப்பு வரும் என்று மெர்சி சொன்னாள். அவன் குழாயைப் பார்த்துச் சிரித்தான்.

"அதான் இந்தக் குழாயே வழி சொல்லுச்சே. நான் மாட்டிப்போட்டு ஒரு தட்டு தட்டறேன். நீ பாரு. வரலீன்னா நீயும் ஒரு தட்டு தட்டு. அடுத்த மூட்டுக்குப் போறேன். வந்துருச்சுன்னா ரெண்டு தட்டு, திரும்பி வந்தர்றேன். செரியா கண்ணு?"

"இளைப்பு மருந்துப் பம்பு வெச்சிருக்கீங்களா?"

அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே ஏதோ தடித்துத் தெரிந்தது. "இருக்குது போ."

ஹாலுக்குப் போகிற இரும்புக் கதவைத் திறந்ததும் சாம்பிராணிப் புகை ஆபீசுக்குள் புரண்டு வந்தது. டார்ச் வெளிச்சத்தில் மெஷின்களின் முதல் வரிசை தெரிந்தது. எல்லாவற்றின் தலையிலும் பொட்டு, கழுத்தில் மாலை. பிரான்சிஸ் உள்ளே போனான். ஸ்பிரிங் வைத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முதல் தட்டு உடனே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமே, கணீரென்று. மெர்சி கட்டளையைத் தட்டினாள். டைம்ட் அவுட். மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தால் குழாயில் ஒரு தட்டு தட்டினாள். அடுத்ததுக்குப் போங்க.

இரண்டாவது தட்டுக்கு நேரமானது. சத்தம் முன்னைவிடக் குறைவு. தூரம் போகப் போகக் குறையத்தானே செய்யும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். வரவில்லை. ஒரு தட்டு.

மூன்றாவது, தட்டு என்றே சொல்ல முடியாது. இரும்பில் இரும்பு உரசினாற்போல வந்து நின்றது. டைம் ஆபீஸ் வரை போய்விட்டார் போல, வேகமாகத்தான் பார்க்கிறார், சீக்கிரம் முடித்துக்கொண்டு மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரலாம். வரவில்லை. ஒரு தட்டு.

அப்புறம் எதுவும் வரவில்லை. தகரக் கூரைமேல் முதல் மழைத்துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மெர்சி எழுந்து போய்க் குழாயில் காதை வைத்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. உள்ளே காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். மெல்லிய விசில்போல இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. எங்கோ குழாய் திறந்து கிடக்கிறது, அதில் காற்று நுழைகிறது என்று நினைத்தாள். காதுக்குள் நாலாவது தட்டு விழுந்தது. நகத்தால் சுண்டினால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

திரை. டைம்ட் அவுட்.

ஒரு தட்டு.

விசில் நின்றுவிட்டது.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மெர்சி உட்கார்ந்தாள், எழுந்தாள். நேரம் என்ன ஆனது என்று பார்க்கப் பயமாக இருந்தது. பரிசோதனை அறைக்கு அப்பால் அவர் போய்ப் பார்க்க மூட்டே கிடையாது. குடோன் பூட்டிக் கிடக்கிறது. இந்நேரம் அவர் திரும்பியிருக்க வேண்டும். கூப்பிடலாமா என்று அவள் கதவைப் பார்த்தபோது அது கேட்டது.

டங்.

வெகு தூரத்திலிருந்து. ஆனால் தெளிவாக, அவசரமே இல்லாமல். அவர்கள் வந்ததும் கேட்ட அதே தட்டு.

திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ரிப்ளை. ரிப்ளை. ரிப்ளை. ஒயர் சரியாகிவிட்டது. அப்பாடா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அவரைத் திரும்பி வரச் சொல்ல வேண்டும். சாவிக்கொத்துக்காக மேசையைத் துழாவினாள். சந்தனம் துடைத்துப் போட்ட பழந்துணிக்கு அடியில் கையில் ஏதோ தட்டுப்பட்டது.

நீல நிறத்தில், பிளாஸ்டிக்.

பம்பு.

மெர்சி கதவை நெட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஓட இடமே இருக்கவில்லை. கதவைத் தாண்டிய இரண்டாவது எட்டில் அவள் கால் அவன் கால்மேல் இடறியது.

அவன் எங்கேயும் போகவில்லை. ஆபீஸ் சுவரின் மறுபக்கம், முதல் மூட்டுக்கு நேர் கீழே, குழாயில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். டார்ச் தரையில் உருண்டு எரிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் இருந்தது டெஸ்டர். உதடு கருநீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைக்கு எட்டாமல் விழுந்து கிடக்க, விரல் நகங்கள் குழாயோடு ஒட்டினாற்போல நின்றிருந்தன. குழாயின் பெயிண்டில் சுரண்டிய கோடுகள்.

பம்பை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை போன வேகத்திலேயே வெளியே வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி.

"ஏனுங்க. ஏனுங்க, இங்க பாருங்க."

நாலு தட்டும் இங்கிருந்துதான். முதல் தட்டு வேலைக்கு. மற்ற மூன்றும் அவளைக் கூப்பிட. ஒரு முழச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அவன் கூப்பிடக் கூப்பிட, போங்க, போங்க, அடுத்ததுக்குப் போங்க என்று அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மெர்சி அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். குழாயைவிடக் கை ஜில்லென்று இருந்தது.

டங்.

அவள் தலையைத் தூக்கினாள். அந்த நீள ஹாலின் கடைசியில், டார்ச் வெளிச்சம் எட்டாத இடத்தில், பூட்டிய குடோனுக்குள்ளிருந்து. ஒரே தட்டு. தட்டிவிட்டுக் காத்திருந்தது.

மெர்சி மூச்சை அடக்கிக்கொண்டாள். அவள் பதில் சொல்லப் போவதில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. மாசாணம் வரும்வரை இப்படியே இவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

டங்.

மழை. மாலைகள் அசைந்தன. ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை.

டங்.

அவள் கைக்குள் இருந்த கை அசைந்தது.

உயிர் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு நொடி, அந்த ஒரே ஒரு நொடி, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தாள். கண் அப்படியே இருந்தது. வாய் அப்படியே இருந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. கை மட்டும் அவள் பிடியை விலக்கிக்கொண்டு மேலே போனது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். அது நிற்கவில்லை.

கல்யாண மோதிரம் இரும்பில் பட்டது.

ஒன்று.

இரண்டு.

குடோன் கதவின் பூட்டு தரையில் விழுகிற சத்தம் கேட்டது. வெறுங்காலோடு யாரோ பஞ்சுமேல் நடந்து வரத் தொடங்கினார்கள்.