மேக்ஸ்வெல் போட்ட பேட்டரி

தார்ப்பாயை இழுத்துப் போட்டபோது, வெளியே புழுதி படிந்து வறண்டு கிடந்த கார்க் கண்ணாடிகள் உள்பக்கம் வேர்த்திருந்தன. மழை ஈரம்தான் என்று ரோனி நினைத்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான். புழுதி விலகியது, ஈரம் விலகவில்லை. மூடிக் கிடந்த காருக்குள் யாரோ நெடுநேரம் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படிப் படியுமோ, அப்படிப் படிந்திருந்தது.

"இன்னா பாக்கற?" என்றாள் கரோலின்.

"ஒண்ணுமில்ல அண்ணி. உள்ள ஈரம் பூந்துகீது."

"ஷெட்டு ஒழுகுது. அதான்."

ரோனி அண்ணாந்து பார்த்தான். காருக்கு மேலே தகரம் ஒழுகவில்லை. காலுக்கடியில் மண் காய்ந்து மாவாகக் கிடந்தது.

கரோலின் அவனுடைய பெரியப்பா மகன் மேக்ஸ்வெலின் மனைவி. தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் ஒரே லைன் வீடுகளில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வளர்ந்தவர்கள் மேக்ஸ்வெலும் ரோனியும். மேக்ஸ்வெல் இந்தக் காரில் செத்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அடக்கம் முடிந்த கையோடு தோஹாவுக்குப் போன ரோனி, மச்சினி கல்யாணத்துக்காக இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். நந்திதுர்க்கில் மாமனார் வீட்டில் தங்கிக்கொண்டு இந்தத் தெருப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போது, கரோலின் நேராக அவனிடம் வந்தாள். "உங்கண்ணன் வண்டி ஷெட்லயே கெடக்குது ரோனி. நீதான் வண்டி வேலை தெரிஞ்சவன். ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி குடு, போதும்" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை.

பானெட்டைத் தூக்கினான். எலி மூத்திரமும் நைந்த ரப்பரும் புளித்த அமிலமும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து, ஒயர்களைத் தின்றுகொண்டு கீழே வழிந்திருந்தது. பேட்டரிப் பெட்டியின் வயிறு உப்பியிருந்தது. மீட்டரை வைத்தான். முள் அசையவே இல்லை.

"சுத்தமா செத்துப்போச்சு அண்ணி. இத்தன வருஷம் சார்ஜ் இல்லாம கெடந்தா எதுவும் தாங்காது. காலைல புதுசு வாங்கியாந்து போட்டுடறேன்."

"புதுசு வேணாம். இது அவரு கையால போட்டது. இதுலயே வரட்டும்."

சொன்ன விதத்தில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. ரோனி வாதாடவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் போதும். வெளியே நிறுத்தியிருந்த தன் காரை ஷெட்டுக்கு எதிரே, மூக்கும் மூக்கும் முட்டும்படி கொண்டுவந்து நிறுத்தினான். உப்பைச் சுரண்டி வெந்நீர் ஊற்றினான். தன் பேட்டரியிலிருந்து ஜம்பர் ஒயரை இழுத்துச் சிவப்பைப் பேட்டரியிலும் கறுப்பை இன்ஜின் இரும்பிலும் கவ்வவைத்தான். தன் இன்ஜினை ஓடவிட்டான்.

"கொஞ்ச நேரம் ஏறட்டும்" என்றான்.

"நா டீ போட்டுனு வரேன்" என்று கரோலின் உள்ளே போனாள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வந்து, அந்தச் சாம்பல் நிறத் தூளைத் தகரத்தின் மேல் சரசரவென்று இறைத்துவிட்டு ஓய்ந்தது. பிறகு தூறல். தூறல் விழுந்ததும் அடுத்த லைன் வீடுகளின் டிவி சத்தமும், யாரோ சோற்றுக்குக் கூப்பிடும் குரலும், தூரத்து ரயிலின் இரைச்சலும் ஒவ்வொன்றாக அமுங்கி, அவனுடைய இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் மிஞ்சியது. ரோனி காரின் இடது பக்கம் பார்க்காமல் நின்றான். அந்தப் பக்கக் கதவு உள்ளே ஒடுங்கியிருந்தது. பார்க்காமலே அது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு ரோட்டோரப் புளியமரத்தில் காரை மோதியவனே ரோனிதான்.

பேத்தமங்களா ஏரிக்கரை ரோட்டில், இதே மாதிரி மழையில் அது நடந்தது. ஒரு ஞானஸ்நான விருந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். குடித்திருந்தவன் ரோனி. "நீ ஓட்டாதடா, சாவியக் குடு" என்று மேக்ஸ்வெல் கேட்டுக்கொண்டே வந்தான். மோதிய பிறகு ரோனிக்குக் கீறல்கூட இல்லை. மேக்ஸ்வெலின் கால்கள் டேஷ்போர்டு முன்பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. "ஆளக் கூட்டியாந்துடு ரோனி, ஓடு" என்றான். ரோனி கரையிறங்கி வயல் வழியாக நடந்தான். தோஹாவுக்கு விசா வந்திருந்தது. போலீஸ் கேஸ் என்றால் எல்லாம் போச்சு. ஊருக்குள் போகாமல், ஆளில்லாத பஸ் நிழற்குடையில் ஏறி உட்கார்ந்தான். அங்கே இருந்தபடியே ஹாரன் கேட்டது. மேக்ஸ்வெல் பக்கத்து சீட்டிலிருந்து எட்டி, ஸ்டீயரிங் மேல் சாய்ந்து, அழுத்திக்கொண்டே இருந்தான். முழுக் குரலாக இருந்த ஹாரன் கரகரத்தது. கரகரத்து மெலிந்தது. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஆனது. பேட்டரி தீர்ந்ததும் நின்றது.

விடிந்து பார்த்தவர்கள், காரில் வேறு யாரும் இல்லாததால், ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்த மேக்ஸ்வெல்தான் ஓட்டியவன் என்று முடிவுகட்டினார்கள். குடித்துவிட்டு ஓட்டிச் செத்தவன் என்று ஊர் பேசியது. கரோலின் அதைக் கேட்டுக்கொண்டே கோயிலுக்குப் போய் வந்தாள்.

பயத்தில் செய்தது, என்று ரோனி தனக்குச் சொல்லிக்கொள்வான். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பான்.

காருக்குள் ஏதோ 'டிக்' என்றது.

பிறகு, எலி கீச்சிடுவதுபோல் மெல்லிய சத்தம். அவன் பானெட்டுக்குள் குனிந்தான். சத்தம் கம்பிகளுக்கு நடுவிலிருந்து வந்தது. விட்டு விட்டு வந்தது. ஆட்டுக்குட்டியின் கத்தல்.

ஹாரன்.

எங்கோ ஒயர் உரசுகிறது என்று சொல்லிக்கொண்டே ஜம்பர் ஒயரைப் பிடுங்கினான். இரண்டு கவ்விகளும் அவன் கையில் தொங்கின. சத்தம் நிற்கவில்லை. கரகரத்தது. கொஞ்சம் தடித்தது. காரின் முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் கையை விட்டு, துருப்பிடித்த ஹாரனின் ஒயரையே அறுத்து எறிந்தான். விரலில் ரத்தம் வந்தது. சத்தம் இன்னும் தடித்தது. அன்றைக்கு மெலிந்த அதே வழியில், படிப்படியாக, ஏறி வந்துகொண்டிருந்தது.

தன் கார் திணறுவது அப்போதுதான் காதில் விழுந்தது. இன்ஜின் இருமி நின்றது. ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகி வற்றிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் இப்டிதான் கேட்டுச்சா?"

கரோலின் வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் டீ இல்லை.

"அண்ணி, இன்னா சொல்றீங்க?"

"இவ்ளோ சத்தமா கேட்டுச்சா, இல்ல இன்னும் கம்மியா? நீ எங்க உக்காந்திருந்த? பஸ் ஸ்டாண்டுலதானே?"

அது யாருக்கும் தெரியாது. அவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட.

"யார் சொன்னாங்க?"

"அவருதான்" என்றாள் கரோலின். "நீ ஊருக்கு வந்துகீறன்னும் அவருதான் சொன்னாரு. கூட்டியான்னாரு. கூட்டியாந்துட்டேன்."

ஹாரன் முழுக் குரலுக்கு வந்துவிட்டது. தகரம் அதிர்ந்தது. பல் கூசியது. இத்தனை சத்தத்துக்கும் லைனில் ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. ரோனிக்கு ஓடத் தோன்றவில்லை. அது நின்றால் போதும் என்று மட்டும் இருந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். கைகளுக்கு உள்ளேயும் கேட்டது.

"ஸ்டீயரிங்குக்குக் கீழ ஃபியூஸ் கீதுல்ல?" என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்வதுபோல. "புடுங்கு. நின்னுடும்."

அவன் டிரைவர் கதவைத் திறந்தான். உட்கார்ந்து குனிந்தான். விரல்கள் ஃபியூஸைத் தேடின.

கதவு சாத்தப்பட்டது. வெளியிலிருந்து.

அதோடு ஹாரன் நின்றது.

அவன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கரோலின் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல். நாலு மூலையும் சரியாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து. எதிரே அவனுடைய காரின் விளக்குகள் சிவந்து, இரண்டு தணல்களாகி, அணைந்தன. முன்கண்ணாடி மேல் தார்ப்பாய் விழுந்தது. கயிறு கட்டும் சத்தம். ஒரு முடிச்சு. இன்னொன்று. பிறகு அவள் செருப்பு, தூரமாக.

இருட்டு.

இடது சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

அவன் திரும்பவில்லை. ஏரிச் சேற்றின் வாடை. ஈரத் துணி. ரத்தம். காதருகில் மூச்சு, அடைத்து அடைத்து, நெஞ்சு நசுங்கியவன் விடும் மூச்சு.

"அண்ணா" என்றான். "பயந்துட்டேண்ணா. பயத்துலதான் போனேன்."

முன்பலகை நகர்ந்தது. மெதுவாக. முழங்காலைத் தொட்டது. அழுத்தியது. உள்ளே எலும்பு முறிவது அவனுக்கே கேட்டது. அலறினான். காலை இழுத்தான். கால் வரவில்லை.

சில்லிட்ட ஒரு கை அவன் கையைப் பிடித்தது. முரடாக இல்லை. எடுத்து, ஸ்டீயரிங்கின் நடுவில் வைத்தது.

முன்கண்ணாடியில் வெளிச்சம் கசிந்தது. தார்ப்பாய் இல்லை. ஷெட் இல்லை. மழை. புளியமரம். ஏரிக்கரையிலிருந்து சரிந்து இறங்கும் வயல். வயலில் ஒருவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். நீலச் சட்டை, முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட். ரோனிக்கு அந்த முதுகை அடையாளம் தெரிந்தது.

அழுத்தினான். இரண்டு கையாலும். ஹாரன் முழங்கியது. நீலச் சட்டை நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தினான். மறுபடியும். ஹாரன் கரகரத்தது. மெலியத் தொடங்கியது.

அப்போது நீலச் சட்டைக்காரன் நின்றான். திரும்பிப் பார்த்தான்.

ரோனியின் முகம். அந்த ராத்திரியின் முகம். மழை வழியும் முகம். அந்த முகத்தில் பயம் இல்லை.

தலைமயிரிலிருந்து தண்ணீரை வழித்து உதறிவிட்டு, அது மறுபடியும் நடக்கத் தொடங்கியது.