ஆபீசிலும் திறக்கணும்

மழை வந்தாலே ஜீவராணி பின்வாசலுக்கு ஓடிப் பார்ப்பாள். இலங்கையின் ஓப்பநாயக்க தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது. போன வருடம், 2006இல், அது கொஞ்சம் சரிந்து கோழிக்கூட்டை மூடிவிட்டது. தப்பிய சேவல் பயத்தில் மூன்று நாள் கூவவே இல்லை.

அது சரிந்த நாளின் மழை நூறு மில்லிமீட்டர் என்று தோட்ட ஆபீஸ் புத்தகத்தில் இருந்தது. அதை வைத்து அவளும் வகுப்புத் தோழன் அப்லாலும் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் செய்தார்கள். மழை நூறைத் தாண்டினால் திரை சிவப்பாகும்.

திரைக்கு வேண்டிய பொத்தான், பெட்டி எல்லாம் தயாராகத் தரும் டூல்கிட் இரண்டு இருந்தன. அப்லால் அழகானதை எடுத்தான்.

"பாரேன், பொத்தான் எப்படி மினுங்குது!"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறக்குமா?"

"ஆபீஸ் எதுக்கு?"

"அங்கதானே மழைய அளக்குறாங்க. சனி, ஞாயிறு ஸ்கூல் பூட்டிருவாங்க. மண்ணு கிழமை பார்த்தா சரியும்?"

அழகானதிலேயே செய்து முடித்த வெள்ளிக்கிழமை மதியம் வானம் கறுத்தது. இருவரும் ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே இருந்தது லினக்ஸ், பள்ளியில் விண்டோஸ். மென்பொருள் திறக்கவில்லை. ஜீவராணி அப்லாலின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மற்ற டூல்கிட் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும். வா, மாத்துவோம்!"

"அதுல பொத்தான் சவர்க்காரக் கட்டி மாதிரி இருக்குமே!" என்றான் அப்லால். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளோடு பள்ளிக்கு ஓடினான். மாலைக்குள் மாற்றி, ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டார்கள்.

விடிய விடிய மழை கொட்டியது. ஜீவராணி தூங்கவில்லை. சனி காலை, தப்பு மேளம் அடித்து வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்கு முன்பே, ஆபீஸ் வாசலில் நின்றாள். கிளாக்கர் சுதாகரன் மழைநீரை அளந்து, கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினார்: 162.

சரியாக வேலை செய்யுமா? அவள் எட்டிப் பார்த்தாள்.

திரை முழுவதும் சிவப்பு!

"ஐயோ! தப்பு அடிங்கடா!" என்று கிளாக்கர் கத்தினார்.

தப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் வழக்கம்போல் வேலைக்கென்று கூடையோடு வந்துவிட்டார்கள்.

"கூடையை வைங்க! பிள்ளைகளைக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போங்க!" என்று கிளாக்கர் விரட்டினார்.

கடைசி ஆளும் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது பெரிய சத்தம் கேட்டது. ஜீவராணியின் அடுப்படி மண்ணுக்குள் போயிருந்தது. அவள் அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் சாப்பிடப் பாண் ரொட்டிப் பொதியோடு அப்லால் மூச்சிரைக்க வந்தான்.

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சேவல்?"

அவளுடைய கைக்குள் இருந்த சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது.

அப்லால் சிரித்தான். "அந்தச் சவர்க்காரக் கட்டிப் பொத்தான் அப்படியே இருக்கட்டும், ஜீவராணி. அதுதான் அழகு."